சவரியாருக்குக் கேட்காத சத்தம்

சவரியார் புதையல் தேடுகிறார் என்றுதான் எங்கள் ஊரில் ஐந்து வருடமாகப் பேச்சு. அவர் தேடியது புதையலை இல்லை. ஆனால் அதை ஊருக்குத் தெரியவைக்க ஒரு பேய் வரவேண்டியிருந்தது. அந்தப் பேயைக் கூட்டி வந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

வெண்ணந்தூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி பட்டாளத்து மேடு இருக்கிறது. ஒன்பது ஏக்கர் தரிசு. முழுக்கச் சீமைக் கருவேலம். அந்தக் காலத்தில் அங்கே பெரிய சண்டை நடந்து, ஒரே பகலில் நானூறு பேர் செத்தார்கள் என்பார்கள். யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜா பெயரைச் சொல்வார்கள். சரித்திரப் புத்தகத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டேன். பத்தாவதில் கணக்கு என்னை விட்டுப் போனது, நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனேன். இப்போது ராசிபுரத்தில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை.

சவரியாரை எனக்குப் பட்டறையில்தான் நன்றாகத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவார். ஓரத்தில் கிடக்கும் தகட்டுத் துண்டுகளை வட்டமாக வெட்டி வாங்கிக்கொண்டு போவார். அந்த வட்டங்கள், தண்ணீர் இல்லாமல் கைவிட்ட போர்வெல் குழிகளுக்கு மூடி. யார் தோட்டத்தில் திறந்த போர் கிடந்தாலும் போய்க் கெஞ்சி, திட்டு வாங்கி, மூடிவிட்டு வருவார். யாரும் அவரைக் கேட்டதில்லை. யாரும் நன்றி சொன்னதாகவும் நினைவில்லை.

ஐம்பத்து மூன்று வயது. கறுத்த, குட்டையான ஆள். இருபத்திரண்டு வருடம், போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் ட்ரில்லராக இருந்தவர். தெலங்கானா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மற்றவர்கள் ஜன்னல் வழியே பார்க்கும் ஊர்களை அவர் ஆயிரம் அடி ஆழத்துக்குப் பார்த்திருக்கிறார். கம்ப்ரஸர் சத்தத்தில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது, மனது வைத்தால் கேட்கும்.

மூடி போடுகிற வேலை போக மீதி நேரமெல்லாம் அவர் பட்டாளத்து மேட்டில்தான் இருப்பார். நீளமான இரும்புக் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையைக் குத்திக் குத்தி நடப்பார். செத்த சிப்பாய்களின் தங்கத்தைத்தான் தேடுகிறார், மூடி போடுவதெல்லாம் அடுத்தவன் நிலத்தில் நுழைய ஒரு சாக்கு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

“ஏனுங் மாமா, பானை கெடச்சுதுங்களா?” என்று நான் கேட்பேன்.

“எந்தப் பானை?”

“தங்கப் பானைதானுங்க. பாதி எனக்குன்னு பேச்சு.”

“கத்திப் பேசுடா ரூபா. கேக்கல.”

அவர் அப்படிச் சொன்னதும் நான் சத்தமே விடாமல் வாயை மட்டும் அசைப்பேன். அவர் வலது காதைச் சுண்டுவிரலால் குடைந்து, தட்டிப் பார்த்து, கவலையோடு என் வாயையே பார்ப்பார். பட்டறையே சிரிக்கும். ஒரு வருடம் இதைச் செய்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ரெண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

போன செப்டம்பர் கடைசியில், காலாண்டு லீவின் முதல் நாள், நானும் மதியழகனும் அவன் தங்கை யாழினியும் பட்டாளத்து மேட்டுக்குப் போனோம். மதியழகன் விசைத்தறி ஓட்டுகிறான். எருமை மாதிரி உடம்பு, அதற்குள் கோழிக்குஞ்சு மாதிரி மனசு. யாழினி சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம். பழைய போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்து வீடியோ எடுப்பது திட்டம். அந்தத் திட்டத்துக்குள் என்னுடைய திட்டம் ஒன்று இருந்தது. காலையிலேயே போய் ஒரு புதரில் ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒளித்து வைத்திருந்தேன். அதில் குதிரைக் குளம்புச் சத்தம். நடுநடுவே, குடத்துக்குள் வாயை வைத்து நானே பேசிய “தண்ணீ… தண்ணீ…”

உச்சி வெயில். எங்கள் பக்கத்தில் பேய்க்கு நடுச்சாமம் எப்படியோ, உச்சிப்பொழுதும் அப்படித்தான். மதியழகன் மணிக்கட்டுக் கயிற்றைத் தடவிக்கொண்டே வந்தான்.

“சும்மா மண்ணுடா இது. எதுக்கு இப்புடி ஊர்ற?” என்றேன்.

“உனக்கென்ன, மாதா காப்பாத்துவா. எங்க சாமி இந்த நேரத்துல சாப்புட்டுத் தூங்கும்டா.”

“அண்ணா, நீ பேசறது பூரா பதிவாகுது,” என்றாள் யாழினி, போனைப் பிடித்தபடி.

அப்போது மதியழகன் குனிந்து எதையோ எடுத்தான். கோலிக்குண்டு அளவு, சாம்பல் நிறம். கையில் வாங்கியதும் கை கீழே போனது, அவ்வளவு கனம். ஈயக் குண்டு. ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சப்பி இருந்தது.

மூன்று பேரும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். யாழினி அதை உள்ளங்கையில் உருட்டினாள். “இது யாரு மேலயும் படாம இங்க வந்து விழுந்துதா? இல்ல, பட்டு, அந்த ஆளு மண்ணாப் போயி, இது மட்டும் மிச்சமாச்சா?”

அதுவரை எனக்கு நானூறு பேர் என்பது ஒரு எண். சப்பிப் போன அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அதில் ஒரு ஆள் மட்டும் தனியாகப் பிரிந்து வந்து நின்ற மாதிரி இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் நான் செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஸ்பீக்கரை அமுக்கினேன்.

குதிரைகள் ஓடி வந்தன. “தண்ணீ…” என்றது புதர்.

மதியழகன் “ஐயோ அம்மா” என்று ஒரு கருவேலத்தைக் கட்டிப்பிடித்தான். கருவேலத்தை யாரும் கட்டிப்பிடிக்கக் கூடாது. யாழினிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தபடி ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

சத்தம் நிற்கவில்லை.

குதிரை நின்றுவிட்டது. குடத்துக்குள் பேசிய நான் நின்றுவிட்டேன். ஆனால் அடியில் இன்னொன்று இருந்தது. ‘ஊ…ம்’ என்று நீளமாக, சங்கு ஊதத் தெரியாதவன் ஊதிப் பழகுகிற மாதிரி. கொஞ்சம் நிறுத்தும். மறுபடி ஊதும். மூச்சு வாங்கித்தான் ஊதுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

“போதும்டா, நிறுத்து,” என்றாள் யாழினி, இன்னும் சிரித்துக்கொண்டே.

“நிறுத்திட்டேன்,” என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

ஒரு பொட்டுக் காற்று இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரமும் ஆடவில்லை, படத்தில் வரைந்த மாதிரி நின்றன. ஆனால் பத்தடி தள்ளி ஒரே ஒரு புதரின் அடியில் மட்டும் காய்ந்த சருகுகள் நடுங்கின. ஒரு சருகு தரையிலிருந்து மேலே எழுந்து, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரமாக விழுந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். கொதிக்கிற அந்த வெயிலில் என் கணுக்காலில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. ஈரக் கல்லின் வாடை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. மதியழகன் முதலில் ரோட்டைச் சேர்ந்தான், நான் இரண்டாவது. யாழினிதான் மூன்றாவது, ஆனால் அவள் மட்டும் போனை நிறுத்தாமல் ஓடி வந்தாள்.

அன்று மாலையே நான் வீடியோவைப் போட்டேன். ‘பட்டாளத்து மேட்டில் மூச்சு விடும் பேய்’ என்று தலைப்பு. என் ஸ்பீக்கர் வேலையை மட்டும் வெட்டிவிட்டேன். நாலு நாளில் நாமக்கல் வரைக்கும் போய்விட்டது. லீவில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் கும்பல் கும்பலாக வந்தார்கள். ஒருத்தர் அங்கே மாங்காய்ப் பத்தை விற்கவே ஆரம்பித்துவிட்டார். நான் பட்டறையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம் சவரியார் மூடி வாங்க வந்தார். நாங்கள் போனைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, “என்னடா அது?” என்றார்.

“உங்க தங்கத்துக்குக் காவல் இருக்கிற பேயுங்க மாமா.”

“குடு பாக்கலாம்.”

போனை வாங்கி, சத்தத்தை முழுக்க வைத்து, வலது காதில் அழுத்திப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை போட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பக்கத்தில் கிடந்த டயர் மேல் மெதுவாக உட்கார்ந்தார். நான் அடுத்த கிண்டலை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

“இது பேயில்லடா,” என்றார். “போரு. தண்ணியில்லாத போரு மத்தியானத்துல மூச்சு விடும். காத்து உள்ள போயி வெளிய வரும். நான் நூறு எடத்துல பாத்திருக்கறேன்.” போனை என்னிடம் திருப்பித் தந்தார். “இது நான் போட்ட போரு.”

பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

அவர் சொன்னது இதுதான். பதினாலு வருடத்துக்கு முன்னால் அந்த மேட்டின் காட்டுக்காரர், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர், போர் போடக் கூப்பிட்டார். எழுநூறு அடி போயும் வெறும் புகை. தண்ணீர் இல்லை என்றதும், மேல்மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் பைப்பையாவது உருவிக் கொடு, அடுத்த போருக்கு ஆகும் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பதுதான். எல்லா ரிக்காரரும் உருவிக் கொடுப்பதுதான். பைப்பை உருவினால் குழியின் வாய்க்குப் பிடிமானம் கிடையாது. மழைக்கு மழை இடிந்து அகலமாகிக்கொண்டே போகும். சவரியார் பைப்பை உருவிவிட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைத் தள்ளி, நாளைக்கு வந்து மண் போட்டு மூடலாம் என்று கிளம்பினார். அன்று சாயங்காலமே வண்டி மத்தியப் பிரதேசம் போய்விட்டது.

“மறந்தே போயிட்டேன்டா. ஒம்போது வருசம் நெனப்பே இல்ல. அப்புறம் சத்தீஸ்கர்ல ஒரு ஊர்ல, எவனோ போட்ட குழியில நாலு வயசுப் பையன் உழுந்துட்டான். பக்கத்துலயே இன்னொரு குழி போட எங்க வண்டியக் கூப்புட்டாங்க. நான்தான் மெஷின்ல நின்னேன். பதினோரு மணி நேரம். உசுரோட எடுத்துட்டாங்க. அந்தப் பையனோட அம்மா ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துக் கேக்குது, யார் இதத் தோண்டுனது, யார் இதத் தோண்டுனதுன்னு. நான் இல்லம்மான்னு சொல்ல வாயத் தொறந்தேன். அப்பத்தான் இந்த மேடு நெனப்பு வந்துச்சு.”

அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார். அதற்குள் காட்டுக்காரர் செத்துப்போயிருந்தார். அவர் மகன் ஜெகதீஸ்வரன் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அங்கே போரே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். காடு முழுக்கக் கருவேலம் மூடிவிட்டது, கல் மேல் மண் ஏறிவிட்டது. ஐந்து வருடமாக ஒரு கம்பியை வைத்துக்கொண்டு அதைத்தான் தேடியிருக்கிறார். எதைத் தேடுகிறார் என்று யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் குழி தினமும் மத்தியானம் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது. தேடிய ஒரே ஆளுக்கு அது கேட்கவில்லை.

“மணி என்னாச்சு?” என்றார்.

“ஒண்ணாகப் போவுதுங்க.”

“இன்னிக்கும் பசங்க வருவாங்களா?”

வண்டிச் சாவியை எடுத்தேன். யாழினிக்குப் போன் போட்டு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு உடனே மேட்டுக்கு வரச் சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருபது இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தார்கள். சிலர் கண்ணாமூச்சி விளையாடினார்கள், சிலர் பேய் மாதிரி ஊளை விட்டார்கள். புதருக்குப் புதர் தலைகள். சவரியார் இறங்கியதும், “போங்க! எல்லாரும் ரோட்டுக்குப் போங்க!” என்று கத்தினார்.

“டேய், புதையல் தாத்தாடா! தங்கத்த எடுத்துருவம்னு பயப்படறாரு!” என்று ஒருவன் கூவினான். அவ்வளவுதான். கும்பல் சிரித்துக்கொண்டே இன்னும் உள்ளே ஓடிச் சிதறியது. சவரியார் அப்படியே நின்றுவிட்டார். எந்தப் பக்கம் ஓடுவது, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் தலை இங்கும் அங்கும் திரும்பியது.

உண்மையைச் சொல்லி இவர்களை நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளை எனக்குத் தெரியும். நானும் அந்த ஜாதிதான். வண்டி மேல் ஏறி நின்று, வயிற்றிலிருந்து கத்தினேன்.

“அசையாத! எவனும் அசையாத! பேயி கீழ படுத்திருக்குது! அசையறவன் காலத்தான் புடிச்சு இழுக்கும்! நின்ன எடத்துல நில்லு, வாயத் தொறக்காத!”

அப்படியே உறைந்தார்கள். ஒருவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். மாங்காய்க்காரரும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவருக்கு அறுபது வயது இருக்கும்.

அமைதி. வெயில் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அது கேட்டது. ‘ஊ…ம்.’

“கேக்குதா?” என்றார் சவரியார், என் சட்டையைப் பிடித்து.

“கேக்குதுங்க மாமா.”

“எனக்குக் கேக்கல. நீ சொல்லு.”

மதியழகனும் யாழினியும் வந்து சேர்ந்தார்கள். யாழினி போனில் வீடியோவைப் பார்த்து, “அந்த ரெட்டை மரத்துக்கு எடது பக்கம்,” என்றாள். நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கையைக் காட்ட, சவரியார் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்து நடந்தார். “நேரா… இன்னும் நேரா… எடது கைப்பக்கம்…” என்று கத்தினேன். எனக்கு முன்னால் அவர் தோள்பட்டை மட்டும் தெரிந்தது. அந்தக் காதுகளுக்கு முன்னால் ஒரு வருடமாக வெறும் வாயை அசைத்தேனே என்ற நினைப்பு வந்தது. இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

புதரைக் கண்டோம். சருகுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதற்கு இரண்டு எட்டுத் தூரத்தில் ஒரு சின்னப் பெண் நின்றாள். ரெட்டைச் சடை, கையில் மாங்காய்ப் பத்தை. எட்டு வயது இருக்கும்.

சவரியார் கம்பியை நீட்டிக் குத்தினார். ‘டக்’ என்றது. பலகைக் கல். அதை ஒட்டி இன்னொரு குத்து. கம்பி பாதி வரைக்கும் சும்மா இறங்கியது. அவர் அப்படியே மண்ணில் குப்புறப் படுத்துவிட்டார். எங்களைப் பின்னால் போகச் சொல்லிக் கையை வீசினார்.

“சாமி, உன்ற பேரென்ன?” என்றார், படுத்தபடியே, அந்தப் பெண்ணைப் பார்த்து.

“கோகிலவாணி.” உதடு மட்டும்தான் அசைந்தது.

“வந்த வழியே மெதுவாப் பின்னாடி போ சாமி.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று. “அசைஞ்சா காலப் புடிச்சுக்கும். அந்தண்ணன் சொன்னாங்க.”

“பாப்பா, நான் சும்மா சொன்னேன்,” என்றேன்.

“பொய்யி,” என்றாள். “அண்ணன் இப்பத்தான் பொய் சொல்றீங்க.” கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. அதற்கு அவளுக்கு ஆதாரமும் இருந்தது. பேய் அவள் காலடியில் ஊதிக்கொண்டிருந்தது.

நான் அடுத்த பொய்யைத் தேடினேன். பேய்க்குச் சாப்பாட்டு நேரம், பேய் தூங்கப் போயிருச்சு, என்னென்னவோ வந்தது. அதற்குள் சவரியார் பேசினார். எல்லோருக்கும் கேட்கும்படி, ரிக் வண்டிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரலில்.

“பேயெல்லாம் இல்ல சாமி. இது குழி. நான் தோண்டுன குழி. தண்ணி வல்ல. மூடாமப் போயிட்டேன். அதுதான் ஊதுது.”

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். “நீங்களா தோண்டுனீங்க?”

இந்தக் கேள்வி அவருக்கு முதல் தடவையே கேட்டது. “ஆமா, நான்தான்.”

“ஏன் மூடல?”

“நாளைக்கு மூடிக்கலாம்னு போனேன்.”

“நாளைக்குன்னா எப்ப?”

“பதினாலு வருசம் ஆச்சு சாமி.”

அவள் இதைக் கொஞ்சம் யோசித்தாள். “எங்க மிஸ்ஸா இருந்தா முட்டி போட வெப்பாங்க.”

“போடறேன். நீ பின்னாடி போனதும் போடறேன். போ சாமி.”

அவள் குனிந்து தன் காலடித் தடத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு கால் பின்னால். இன்னொரு கால் பின்னால். ஆறாவது எட்டில் மதியழகன் அவளைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான். அவன் அன்று ஓடியதை மட்டும் நான் கிண்டல் பண்ணுவதில்லை. மற்ற பிள்ளைகளை யாழினி ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, கையைப் பிடித்து, வந்த தடத்திலேயே வெளியே கொண்டு வந்தாள்.

பிள்ளைகள் எல்லோரும் போனதும் சவரியார் ஊர்ந்து போய், கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவிலிருந்த இடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். சத்தம்தான் அவருக்குக் கேட்காது. மூச்சு தெரியும் இல்லையா.

“ஊதுது,” என்றார். அப்படியே முட்டி போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா, ஜெபம் பண்ணினாரா, எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் எழவில்லை.

சாயங்காலம் ஜெகதீஸ்வரன் நாமக்கல்லில் இருந்து காரில் வந்தார். எங்க காட்டில் யார் உங்களை விட்டது என்று ஆரம்பித்தவர், கல்லைப் புரட்டியதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். குழியின் வாய் இடிந்து இடிந்து சாந்துச் சட்டி அகலத்துக்கு வந்திருந்தது. அதிலிருந்து இரண்டு எட்டுத் தூரம் வரைக்கும் அடியில் பொந்து. மேலே இருந்தது கருவேல வேரும் ஒரு சாண் மண்ணும். கோகிலவாணி நின்ற இடமும் அதில்தான் இருந்தது. ஜெகதீஸ்வரன் போனை எடுத்து, டிராக்டரில் கிராவலும் களிமண்ணும் வரவழைத்தார். இருட்டுவதற்குள் அடைத்துவிட்டோம். மறுநாள் சவரியார் மேலே ஒரு துண்டுப் பைப்பை நட்டுக் காங்கிரீட் போட்டு, மூடியை வைத்துப் பற்றவைத்தார். மத்தியானம் நாங்கள் நாலு பேரும் போய் உட்கார்ந்து கேட்டோம். சத்தம் இல்லை. மாங்காய்க்காரருக்கு மட்டும் வருத்தம்.

குழி கிடைத்த அன்று, புதரைக் கண்டதிலிருந்தே யாழினியின் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. கோகிலவாணி கேட்டதும் சவரியார் சொன்னதும் அப்படியே அதில் இருந்தது. அழித்துவிடட்டுமா என்று அவள் அவரிடம் கேட்டாள்.

“இதப் பாத்தா பேயின்னு யாரும் அங்க வரமாட்டாங்கல்ல?”

“வரமாட்டாங்க மாமா. ஆனா உங்களத் திட்டுவாங்க.”

“திட்டட்டும். என்ற பேரையும் போடு.”

யாழினி அதைத் தன் பக்கத்தில் போட்டாள். திட்டினார்கள். கொலைகாரன் என்றுகூட எழுதினார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கெட்ட வார்த்தையில் பதில் போட்டேன், யாழினி ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சவரியார் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, நன்மை வாங்கும் வரிசையில், அதாவது நற்கருணை அப்பத்துக்கான வரிசையில், போய் நின்றார். பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. அவர் மனைவி சகாயம்மாள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்ததும், “அஞ்சு வருசம்டா ரூபா, இந்த மனுசன் நன்மை வாங்கி,” என்றார். “கோயிலுக்கு வருவாரு, உக்காந்துட்டு வந்துருவாரு. கேட்டா, இன்னும் இல்லம்பாரு. அவ்வளவுதான் சொல்லுவாரு.”

அடுத்த புதன்கிழமை, சவரியார் பட்டறையில் இருக்கும்போது அவர் போன் அடித்தது. காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “பொணுபொணுன்னு பேசறான், என்னன்னு கேளு,” என்று என்னிடம் நீட்டினார்.

“சவரியாருங்களா?” என்றது ஒரு குரல். ரொம்பத் தயங்கித் தயங்கி வந்தது. “நான் அந்த வீடியோவப் பாத்துட்டு, உங்க ஊர்ல விசாரிச்சு நம்பரு வாங்கினனுங்க. நானும் ரிக்லதானுங்க இருந்தேன். தம்மம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டமுங்க… பைப்ப உருவிட்டு வந்துட்டனுங்க. எட்டு வருசமாச்சு. கல்லு வெச்சுட்டுத்தான் வந்தேன். இருக்குதோ என்னமோ.”

“நீங்க யாருங்க?” என்றேன்.

சவரியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை உதட்டிலிருந்தே படித்துவிட்டார் போல.

“யாருன்னு கேக்காதடா,” என்றார். “எடத்தக் கேளு.”

கேட்டேன். தகட்டின் மேல் சாக்பீஸில் எழுதினேன். அடுத்த நாள் எடப்பாடியில் இருந்து ஒரு போன். அந்த வாரம் முடிவதற்குள் ஏழு பேர். ஒருவர் பேசும்போதே அழுதுவிட்டார். யாரும் பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேரும் இரண்டு வண்டியில், மூடியும் கம்பியும் கட்டிக்கொண்டு தம்மம்பட்டிக்குப் போனோம். போனில் சொன்ன திருப்பத்தில், வேப்ப மரத்தடியில் ஒரு ஆள் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் மண்வெட்டி, காலடியில் ஒரு சாக்கு.

எங்கள் வண்டி நின்றதும் கிட்டே வந்தார். சவரியாரின் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, “நானும் வரட்டுங்களா?” என்றார்.

அவர் மெதுவாகத்தான் கேட்டார். நான் சவரியாரின் வலது பக்கம் சாய்ந்து, கத்திச் சொன்னேன்.

“வா, வா,” என்றார் சவரியார், வண்டியில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தபடி. “கல்லுத் தூக்க ஆளு வேணும்.”